அட்டமி நாளில் கடல் ஏறவில்லை
வாசகர் கேள்விகள், வாத்தியார் பதில்கள்

சென்ற இதழில் நமது கிழக்குக் கரையின் முருகைக்கற் பார்களைப் பற்றி எழுதியபோது, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கரும் ஜப்பானியரும் மோதிய பசிபிக் சமுத்திரத்துத் தராவாத் தீவைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தேன். “பாரின் மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்ற கணக்குப் பிழைத்ததால் நூற்றுக்கணக்கானவர்கள் கடலுக்குள்ளேயே மாண்ட இடம்” என்ற அந்த வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் ஒரு கட்டாக இருக்கின்றன. வாகரையிலிருந்து பொத்துவில் வரை, கடலோடு வாழ்பவர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த மாதம் வேறு கேள்விகளை எடுக்கவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உயர்தர வகுப்பு மாணவி ஒருவர், களுவாஞ்சிக்குடி: தராவாச் சண்டை நான்கு நாளுக்குள் முடிந்துவிட்டது என்று படித்தேன். அதற்குள் ஏறத்தாழ ஆறாயிரம் பேர் சாவதென்றால், அந்தத் தீவு எவ்வளவு பெரியது ஐயா?

மகள், முதலில் தராவாவின் அமைப்பை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். நடுக்கடலில் முருகைக்கல்லால் ஆன ஒரு வளையம். அந்த வளையத்தின் மேல் தாயத்து மணிகள் போலச் சிறு சிறு தீவுகள். வளையத்துக்குள்ளே அமைதியான வாவி, வெளியே சமுத்திரம். தென்மேற்கு மூலையில் கிடக்கும் தீவில்தான் சண்டை நடந்தது. ஆங்கில எழுத்தைப் பார்த்து நாம் அதைப் பெட்டியோ என்று வாசிப்போம். அவ்வூரார் பேசோ என்கிறார்கள்.

பேசோவின் நீளம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். அகலம் மிகப் பெரிய இடத்தில்கூட ஒரு கிலோமீட்டருக்குக் குறைவு. மொத்தம் ஏறத்தாழ 300 ஏக்கர். உங்கள் ஊருக்குப் படுவான்கரையில் வயல் வைத்திருக்கும் யாரையாவது கேளுங்கள். 300 ஏக்கர் என்பது ஒரு வட்டைக்குள் அடங்கிவிடும். ஒரு வட்டவிதானை காலையில் சைக்கிளில் புறப்பட்டால், வெயில் ஏறுமுன் சுற்றிப் பார்த்துவிட்டு வீடு திரும்பிவிடுவார்.

அந்த ஒரு வட்டை அளவு மணலில் ஜப்பானியர் விமான ஓடுபாதை ஒன்றை அமைத்து, அதைச் சுற்றி ஒரு வருடத்துக்கு மேலாக அரண் கட்டினார்கள். 1942 ஓகஸ்டில் அமெரிக்கர் பக்கத்து மேக்கின் தீவில் திடீர்த் தாக்குதல் நடத்திவிட்டுத் திரும்பிப் போயிருந்தனர். அதன் பிறகே தராவாவைப் பலப்படுத்தும் வேலை முழு மூச்சில் நடந்தது. ரியர் அட்மிரல் ஷிபசாக்கியின் கீழ் அங்கே இருந்தவர்கள், கட்டுமானக் கூலிகளையும் சேர்த்து, ஐயாயிரத்தைத் தொடும். 1943 நவம்பர் 20 காலையில், கடலிலிருந்து கரையிறங்கிப் போரிடும் மரைன் என்ற அமெரிக்கப் படையின் இரண்டாவது டிவிஷன் வந்து இறங்கியது. 23ஆம் திகதி பிற்பகல் சண்டை ஓய்ந்தபோது 76 மணி நேரம் கழிந்திருந்தது. அமெரிக்கர் தரப்பில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தனர், இரண்டாயிரத்துக்கு மேல் காயப்பட்டனர். மற்றத் தரப்பில் உயிரோடு பிடிபட்ட ஜப்பானியப் படையினர் 17 பேர். கொரியக் கூலிகள் 129 பேர். மற்றவர்கள் எல்லாரும் அந்த மணலிலேயே போய்விட்டார்கள்.

இடம் சிறியதாக இருந்ததே சாவைப் பெருக்கியது. பின்வாங்குவதற்கு ஜப்பானியருக்கு நிலமில்லை. ஒதுங்கி நிற்பதற்கு அமெரிக்கருக்குக் கரையில்லை. முதல் நாள் மாலை மரைன்கள் பிடித்து வைத்திருந்தது கடல்மதிலை ஒட்டிய மணலையும் அதற்கு அப்பால் சில துண்டு நிலங்களையும்தான். அன்று கரைக்கு வந்த ஐயாயிரம் பேரில் ஆயிரத்து ஐந்நூறு பேர் இருட்டுவதற்குள் இறந்தோ காயப்பட்டோ கிடந்தனர்.

கடற்றொழிலாளி, வாழைச்சேனை: பாருக்கு மேல் தண்ணீர் போதாமல் படகு தட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தனை பெரிய படைக்குப் பெருக்கு வற்றுத் தெரியாதா? எங்களில் ஒரு ஆளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே.

தம்பி, வந்த கடிதங்களில் உங்களுடையதைத்தான் பலமுறை வாசித்தேன். கேட்டார்கள். கேட்டவரும் சரியாகத்தான் சொன்னார். துக்கம் அங்கேதான் இருக்கிறது.

அந்தத் தீவுகளில் பல வருடம் வாழ்ந்த மேஜர் ஹாலண்ட் என்பவரை அமெரிக்கர் ஆலோசனைக்கு அழைத்திருந்தனர். அந்த நாளில் பாருக்கு மேல் மூன்றடித் தண்ணீர்கூட நிற்காது என்று அவர் எச்சரித்தார். அதே கடலில் கப்பலோட்டிய வேறு சிலர் ஐந்தடி நிற்கும் என்றார்கள். தரையிறங்கும் ஹிக்கின்ஸ் படகு ஆட்களை ஏற்றிய பிறகு மிதப்பதற்கு நான்கடி வேண்டும். ஐந்தடி என்றால் போகலாம், மூன்றடி என்றால் தட்டும். திட்டம் போட்டவர்கள் பலர் சொன்ன ஐந்தடியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் டிவிஷன் தளபதி ஜூலியன் ஸ்மித்துக்கு நெஞ்சில் உறுத்தல் இருந்தது. நீங்கள் நடந்துதான் கரைசேர வேண்டி வரலாம், அதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது என்று அவர் தம் ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தார்.

இப்போது பஞ்சாங்கத்தைப் பார்ப்போம். 1943 நவம்பர் 12இல் பூரணை. 20ஆம் திகதி தேய்பிறை அட்டமியை ஒட்டிய நாள். அட்டமி, நவமியில் கடல் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பூரணையிலும் அமாவாசையிலும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுக்கும்போது பெருக்கும் பெரிது, வற்றும் பெரிது. அட்டமியில் ஒன்று இந்தப் பக்கம் இழுக்க மற்றது குறுக்கே இழுக்கும். கடல் ஏறவும் மாட்டாது, இறங்கவும் மாட்டாது. போதாக்குறைக்கு அந்த இரண்டொரு நாளில் சந்திரன் பூமியிலிருந்து மிகத் தொலைவான புள்ளியிலும் இருந்தது. இழுவை இன்னும் குறைந்தது. இந்த இரண்டும் ஒன்றாக விழுந்ததை வானியல் கணக்கை வைத்து 1987இல் ஓர் இயற்பியலாளர் விளக்கிக் காட்டினார். சண்டை முடிந்து நாற்பத்துநான்கு வருடம் கழித்து!

காலையில் ஏற வேண்டிய தண்ணீர் ஏறவில்லை. மத்தியானம் ஏறும் என்று பார்த்தார்கள், ஏறவில்லை. மறுநாள் மத்தியானம்தான் படகுகள் பாரைக் கடக்கிற அளவுக்குப் பெருக்கு வந்தது.

அதற்கிடையில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் மூன்று வரிசை ஆட்கள், நீரில் மிதந்தும் தரையில் ஊர்ந்தும் போகக்கூடிய சங்கிலிச் சில்லு வாகனங்களில் வந்தார்கள். பாரின் மேல் அவை ஏறி இறங்கிக் கரைக்குப் போய்விட்டன. அப்படிப்பட்ட வாகனங்கள் மொத்தமே 125தான் இருந்தன. நான்காவது வரிசை முதல் எல்லாரும் ஹிக்கின்ஸ் படகில். அவை பார் விளிம்பில் வந்து தட்டி நின்றன. அங்கிருந்து கரைக்கு ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர். முன்கதவைத் திறந்து, இறங்கி நட என்றார்கள்.

தூரம் என்ன என்பதை நான் என் காலால் அறிந்தவன். 1978இல் இளம் ஆசிரியராக இருந்தபோது உயர்தர வகுப்புப் பிள்ளைகளைப் பாசிக்குடாவுக்குக் கூட்டிப் போயிருந்தேன். பாரைக் காட்டுவதற்காக ஒரு வள்ளத்தில் சற்று வெளியே போய்வந்தோம். திரும்பும்போது வள்ளம் தட்டிவிட்டது. இடுப்பளவுத் தண்ணீர்தான், பாசிக்குடா எவ்வளவு தூரத்துக்கு ஆழமில்லாமல் கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சோற்றுப் பார்சல் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். கரையில் தாழம்புதர் தெளிவாகத் தெரிந்தது. அதன் கீழே உட்கார்ந்திருந்த பெண்பிள்ளைகளின் கைக்குட்டை நிறம்கூடத் தெரிந்தது. ஓட முடியாது. தொடையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளித்தான் ஒவ்வோர் எட்டும் வைக்க வேண்டும். காலுக்கடியில் மணல் இருக்கும் என்று வைத்தால் குழி இருக்கும், குழி என்று நினைத்தால் முருகைக்கல் கீறும். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கரையைத் தொட பதினொரு நிமிடம் ஆனது. வலது பாதத்தில் கீறிய காயம் ஆற மூன்று கிழமை.

என்னை நோக்கி யாரும் சுடவில்லை. தலையில் இருந்தது சோறு. அவர்கள் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, இயந்திரத் துப்பாக்கிகளின் நேர்முகத்தில் நடந்தார்கள். குனிந்தால் மூழ்க வேண்டும், நிமிர்ந்தால் சூடு படும். காயப்பட்டு விழுந்தவர் பாரமான உடுப்போடு மூன்றடித் தண்ணீரில் மூழ்கிப் போனார். கரைசேர்ந்தவர்களிலும் பலரின் வானொலிக் கருவிகள் உப்புத் தண்ணீரில் ஊறி ஊமையாகிவிட்டன. கடலில் நிற்கும் கப்பலுக்குக் கரையில் என்ன நடக்கிறது என்றே பல மணி நேரம் தெரியவில்லை.

திகதியைத் தள்ளிப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். மத்திய பசிபிக் முழுவதற்கும் போட்ட அட்டவணையில் அந்தத் திகதி ஒரு கண்ணி. அட்டவணை அசையவில்லை. ஒரு மனிதர் அந்த வாவிக் கரையில் வருடக்கணக்காக நின்று கண்ணால் கண்டதை, காகிதத்தில் இருந்த ஐந்தடி தோற்கடித்துவிட்டது. என் மனம் இன்றுவரை இதற்குச் சமாதானம் ஆகவில்லை.

தென்னந்தோட்டக்காரர், அக்கரைப்பற்று: இறங்குமுன் கப்பலிலிருந்து அந்தச் சிறிய தீவின் மேல் மலைபோலக் குண்டு கொட்டினார்களாம். அதற்குப் பிறகும் எப்படி ஆட்கள் உயிரோடு இருந்தார்கள்?

அன்று காலை சில மணி நேரத்தில் கொட்டியது ஏறத்தாழ மூவாயிரம் தொன். தீவையே துடைத்துவிடுவோம் என்று கப்பற்படை அதிகாரிகள் நம்பினார்கள். புகை அடங்கியபோது உள்ளேயிருந்தவர்கள் எழுந்து சுட்டார்கள்.

நீங்கள் தென்னையோடு வாழ்பவர் என்பதால் இதை உடனே விளங்கிக்கொள்வீர்கள். கொங்கிறீட் அரண்களும் இருந்தன. ஆனால் பெரும்பாலான காவலரண்கள் தென்னங்குற்றியாலும் முருகைக்கல் மணலாலும் கட்டப்பட்டவை. மண்ணுக்குள் பாதி இறக்கி, குற்றிகளை அடுக்கி, இரும்பு ஆணிகளால் பிணைத்து, அதன் மேல் மணலைக் குவித்திருந்தார்கள். தென்னை வேறு மரம் போலச் சிராய் சிராயாகப் பிளந்து சிதறாது, உள்ளே முழுக்க நார். கோடரியால் வெட்டியவருக்குத் தெரியும், வெட்டு உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். குண்டுக்கும் அதே கதிதான். அதற்கு மேல் கிடந்த மணல் அதிர்ச்சியைக் குடித்துவிட்டது. தட்டையான தீவு என்பதால் கப்பலிலிருந்து தாழ்வாகச் சுட்ட குண்டுகள் பல வழுக்கிக்கொண்டு அப்பால் கடலில் போய் விழுந்தன.

கரையோரமாகத் தென்னங்குற்றியாலேயே ஒரு கடல்மதிலும் இருந்தது. மூன்று நான்கு அடி உயரம். ஜப்பானியர் தம்மைக் காக்க எழுப்பிய அந்த மதிலின் வெளிப்புறத்தில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் முதல் நாள் மரைன்கள் உயிர் தப்பினார்கள்.

குண்டுமழை ஒரு காரியத்தைச் செய்தது. தொலைபேசிக் கம்பிகள் மணலுக்கு மேலேயே கிடந்தபடியால் அறுந்துபோயின. தம் கொங்கிறீட் தலைமையகத்தைக் காயப்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியாக விட்டுக்கொடுத்துவிட்டு வேறு இடத்துக்கு மாறிய ஷிபசாக்கியும் முதல் நாளே குண்டுபட்டு இறந்தார். அன்றிரவு எதிர்த்தாக்குதல் ஒன்று வந்திருந்தால் கடல்மதிலோடு ஒட்டியிருந்தவர்கள் நிலை என்னவாகியிருக்குமோ! கட்டளையிட ஆளில்லாததால் அது வரவில்லை. மறுநாள் பிற்பகல், கரையில் தலைமை தாங்கிய கேணல் ஷூப், காலில் காயத்தோடு நின்றுகொண்டு அனுப்பிய செய்தி இது: “இழப்பு அதிகம். இறந்தோர் விகிதம் தெரியாது. போரிடும் திறன்: நாங்கள் வெல்கிறோம்.”

ஓய்வுபெற்ற தபால் ஊழியர், காத்தான்குடி: தராவாவில் இருந்த பெரிய பீரங்கிகள் சிங்கப்பூரில் பிரிட்டிஷாரிடம் பறித்தவை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உண்மையா?

நீண்ட காலம் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். எட்டு அங்குலப் பீரங்கிகள் நான்கு, பிரிட்டிஷ் விக்கர்ஸ் கம்பனி தயாரிப்பு. சிங்கப்பூரோ 1942 பெப்ரவரியில் விழுந்தது. இரண்டையும் சேர்த்துக் கதை தானாக உருவாகிவிட்டது. உண்மையில் ரஷ்யாவோடு நடந்த போர்க்காலத்தில், 1905இல், ஜப்பான் காசு கொடுத்து வாங்கியவை அவை. இன்றும் பேசோவின் கடற்கரையில் துருவேறி நிற்கின்றன.

ஒரு தாயார், கல்லடி: எங்கள் கடலில் கிடக்கும் ஹேர்மிஸ் கப்பலுக்கும் இந்தப் பசிபிக் சண்டைக்கும் தொடர்பு உண்டா? என் மகன் கேட்கிறான்.

உண்டு அம்மா. மகனிடம் சொல்லுங்கள், பசிபிக்கில் பேள் துறைமுகத்தை அடித்த அதே கப்பற்படைதான் நான்கு மாதம் கழித்து நம் கரைக்கும் வந்தது. அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிகள். 1942 ஏப்ரல் 5இல் கொழும்பு, 9இல் திருகோணமலை. அன்று காலை திருகோணமலையிலிருந்து தப்பித் தெற்கே வந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கப்பல் ஹேர்மிஸை மட்டக்களப்புக்கு நேரே கண்டுபிடித்தார்கள். விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை. அரை மணிக்குள் மூழ்கிவிட்டது. முந்நூறுக்கு மேற்பட்டோர் அதனோடு போனார்கள். கூட வந்த அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் மூழ்கியது. அறுநூறு பேரளவில் வீற்றா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் தூக்கிக் காப்பாற்றியது. சிலர் நீந்தியே கரைக்கு வந்தார்கள்.

என் அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. சித்திரை வருடப்பிறப்புக்கு ஐந்து நாள் இருந்தது. அப்பாச்சி கல்லடி வீட்டுப் பின்கோடியில் அடுப்பு மூட்டிப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாராம். இடி முழங்கியது போலச் சத்தம், ஆனால் வானத்தில் முகிலில்லை. எண்ணெய்ச் சட்டியில் எண்ணெய் வட்டம் வட்டமாக நடுங்கியதை அப்பா பார்த்தாராம். அப்பாச்சி கரண்டியைப் பிடித்தபடி, “கடலுக்குள்ளே யாருடைய பிள்ளைகளோ” என்றாராம். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் அந்த எண்ணெயின் நடுக்கத்தை விரலால் காற்றில் வரைந்து காட்டுவார்.

அந்த ஐந்து விமானந்தாங்கிகளில் மூன்று, இரண்டு மாதத்தில் மிட்வேச் சண்டையில் மூழ்கின. அதற்குப் பிறகே அமெரிக்கர் தீவு தீவாக மேற்கே வரத் தொடங்கினார்கள். அப்படி வந்த வழியில்தான் தராவா இருக்கிறது. ஹேர்மிஸ் இன்றும் நம் கரையிலிருந்து சில மைல் தொலைவில், ஐம்பது மீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது.

வாசகர், சம்மாந்துறை: தராவாவில் தமிழர் யாரும் இருந்தார்களா?

தமிழர் இருந்ததாக நான் எங்கும் படித்ததில்லை. ஆனால் உங்கள் கேள்வி தொடும் இடத்தில் வேறு மனிதர் இருந்தார்கள். நான் மேலே சொன்ன கொரியக் கூலிகள் ஏறத்தாழ 1,200 பேர். அவர்கள் சிப்பாய்கள் இல்லை. ஜப்பானின் ஆட்சிக்குட்பட்ட நாட்டிலிருந்து குற்றி சுமக்கவும் மணல் அள்ளவும் கொண்டுபோகப்பட்டவர்கள். பத்தில் ஒருவரே மிஞ்சினார். சண்டையைப் பற்றி எழுதுபவர்கள் இவர்களையும் “எதிரி இழப்பு” என்ற ஒரே தொகைக்குள் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கூட்டல் எனக்குப் பிடிக்கவில்லை.

அதே வருடம் அதே அரசு சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டது. அங்கே மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழ்க் கூலிகள் பல்லாயிரக்கணக்கில் காய்ச்சலிலும் பட்டினியிலும் இறந்தார்கள். அந்தப் பாதை 1943 ஒக்டோபரில் முடிந்தது, அடுத்த மாதம் தராவா. கொரியத் தாயையும் தோட்டத்துத் தாயையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் இரண்டு பேருக்கும் மொழி வேண்டியிருக்காது.

தராவாவில் இன்னொரு சாவும் உண்டு. கடற்கரைக் காவலுக்கு நின்ற நியூசிலாந்துக்காரர் 17 பேரையும் பொதுமக்கள் ஐவரையும் 1942 ஒக்டோபரில் ஜப்பானியர் தலை வெட்டிக் கொன்றார்கள். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆசிரியை, திருக்கோவில்: அத்தனை உயிரைக் கொடுத்துப் பிடிக்க அந்தத் தீவு தகுமா?

அப்போதே இந்தக் கேள்வி எழுந்தது. அமெரிக்க மக்கள் பத்திரிகையில் படங்களைப் பார்த்து அதிர்ந்தார்கள். “தராவாவில் என் மகனைக் கொன்றுவிட்டாய்” என்று ஒரு தாய், பசிபிக் கப்பற்படைத் தளபதி அட்மிரல் நிமிட்ஸுக்கு எழுதினார். நிமிட்ஸ், மார்ஷல் தீவுகளுக்குப் போக அந்த ஓடுபாதை வேண்டும் என்றார். மரைன் ஜெனரல் ஹாலண்ட் ஸ்மித்தோ, அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று பின்னாளில் எழுதினார். இவர் நான் முன்பு சொன்ன மேஜர் ஹாலண்ட் இல்லை, வேறு ஆள்.

தராவாவிலிருந்து அவர்கள் படித்துக்கொண்டது மெய். அடுத்த தீவுகளில் இறங்குமுன் நீச்சல்காரரை அனுப்பிப் பாரையும் ஆழத்தையும் கையால் அளந்தார்கள். சங்கிலிச் சில்லு வாகனங்களைப் பன்மடங்காக்கினார்கள். வானொலிக் கருவிகளுக்குத் தண்ணீர் புகாத உறை போட்டார்கள். 1944 பெப்ரவரியில் மார்ஷல் தீவுகளில் உள்ள குவாஜலினில் அவர்கள் இழந்தது மிகக் குறைவு.

நீங்கள் என் தீர்ப்பைக் கேட்கிறீர்கள். ஜப்பானிய இராணுவ ஆட்சி தோற்க வேண்டியிருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சயாம் ரயில்பாதையை நினைத்தால் வேறு மாதிரி எழுத என் கை வராது. ஆனால் பாரை அளக்கும் பாடத்தைப் படிக்க அந்த இளைஞர்கள் இறந்திருக்க வேண்டியதில்லை. ஒரு நீச்சல்காரரும் ஒரு முடிச்சுக் கயிறும் 1943 நவம்பரிலும் இருந்தன.

மாணவர், பொத்துவில்: அந்தத் தீவில் இப்போது யார் இருக்கிறார்கள்?

அது அவர்களுடைய ஊர், அவர்கள்தான் இருக்கிறார்கள். 1979 ஜூலை 12 முதல் கிரிபாட்டி என்ற சுதந்திர நாடு. கிரிபாஸ் என்று உச்சரிக்க வேண்டும். கில்பேர்ட் என்ற பெயர் அவர்கள் வாயில் அப்படி மாறியது. தலைநகரம் தெற்குத் தராவா, பேசோ அதன் ஒரு பகுதி, சனநெருக்கம் மிகுந்தது. சண்டைக்கு முன் ஜப்பானியர் பேசோ மக்களை அப்புறப்படுத்தியிருந்தார்கள். திரும்பி வந்தபோது தென்னைகள் மொட்டைக் கட்டைகளாக நின்றன. மறுபடி நட்டார்கள். தென்னையில் கள் இறக்குகிறார்கள், அதைக் காய்ச்சிப் பாணி எடுக்கிறார்கள், தாழம்பழம் உண்கிறார்கள். நீங்கள் அங்கே போனால் ஒரு நாளில் ஊரோடு ஒட்டிவிடுவீர்கள். அவர்களுடைய தரை கடலுக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர்தான் நிற்கிறது. கடல்மட்டம் ஏறும் செய்தியை நாம் பத்திரிகையில் படிக்கிறோம். அவர்கள் அதைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பில் படிக்கிறார்கள்.

பெயர் வேண்டாம், நாவலடி: சண்டையில் இறந்தவர்களின் உடல்கள் எல்லாம் கிடைத்தனவா? இத்தனை வருடம் கழித்து யாரும் தேடுகிறார்களா?

தங்கச்சி, எல்லாம் கிடைக்கவில்லை. அந்த வெயிலில் அவசர அவசரமாகப் புதைத்தார்கள். அதன் பிறகு ஓடுபாதை வேலைக்காக நிலத்தைச் சீர்செய்தபோது புதைகுழிகளின் அடையாளம் குழம்பிப்போனது. போருக்குப் பின் வந்து தோண்டியவர்களுக்குப் பாதிப் பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. குடும்பங்களுக்கு, மீட்க இயலாது என்று எழுதிவிட்டார்கள்.

ஆனால் தேடினார்கள், இன்னும் தேடுகிறார்கள். 2015இல் பேசோவில் ஒரு பழைய புதைகுழி வரிசை கிடைத்தது. அதில் அலெக்சாண்டர் பொனிமன் என்ற லெப்டினன்ட்டும் இருந்தார். மூன்றாம் நாள் பெரிய மணல் அரண் ஒன்றின் மேல் தன் ஆட்களை நடத்திச் சென்று அங்கேயே இறந்தவர். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. பல்லில் வைத்திருந்த தங்கத்தைக் கொண்டு அடையாளம் கண்டார்கள். மண்ணை மெல்ல மெல்ல ஒதுக்கியபோது அவருடைய பேரன் குழியருகே நின்றுகொண்டிருந்தார். 72 வருடம் ஆகியிருந்தது. அந்த வருடமே சொந்த ஊருக்குக் கொண்டுபோய்ப் பெற்றோர் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

2004 டிசம்பர் 26ஐப் பற்றி உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததை இங்கே அச்சிட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். அச்சிடவில்லை. ஆனால் கடலிலிருந்து திரும்பி வராத உங்கள் மூன்று பேரின் பெயர்களையும், வயதுகளையும், சின்னவன் அன்று போட்டிருந்த சட்டையின் நிறத்தையும் என் நாட்குறிப்பில் அப்படியே பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். கடிதத்தின் ஓரம் ஈரத்தில் கலங்கி, இரண்டாவது பெயரின் கடைசி எழுத்து எனக்குத் தெளிவாக இல்லை. அடுத்த கடிதத்தில் அதை மட்டும் ஒருமுறை எழுதி அனுப்புங்கள்.